சூரியகாந்திக் குடும்பத்து டாக்டர்

என் அக்காவின் கணவரை எங்கள் தெருவில் எல்லோரும் பூ டாக்டர் என்பார்கள். கிண்டலாகத்தான் ஆரம்பித்தது, போகப் போக அதுவே பெயராகிவிட்டது. விலாசம் சரியாக இல்லாத கடிதம் வந்தால் தபால்காரர் வேறு எங்கும் விசாரிக்க மாட்டார், நேராக அவர் வீட்டுப் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவார். பாதிக் கடிதம் அவருடையதாகத்தான் இருக்கும். எனக்கு அவர் அத்தான்.

அத்தான் முதலில் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் வாத்தியார். கூடவே ஹோமியோபதி படித்து முறையாகப் பட்டயம் வாங்கினார். நாற்பது வயதில் ஒரு நாள் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று வேலையை விட்டுவிட்டு, வீட்டு முன்னறையில் ஒரு மேஜையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். செடிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்தே பழகிய மனிதர் அல்லவா, வந்து உட்காரும் ஆட்களையும் அப்படியே பிரிக்கத் தொடங்கினார். அவர்கள் வைத்தியத்தில் அப்படி ஒரு முறை உண்டாம். ஒரே குடும்பத்துப் பூச்செடிகளிலிருந்து எடுக்கும் மருந்துகளுக்குப் பொதுவாக ஒரு குணம் இருக்குமாம். அந்தக் குணமுள்ள ஆளுக்கு அந்தக் குடும்பத்து மருந்து கேட்குமாம். லில்லிக் குடும்பத்து ஆள், தன்னை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை என்று உள்ளுக்குள் குமைவான். சூரியகாந்திக் குடும்பத்து ஆள் அடிபட்டவன், உடம்பிலோ மனதிலோ. ஆனால் கிட்டே யாரையும் விட மாட்டான்.

நான் நம்பினேனா என்றால், இல்லை. ரயில் நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். 'வண்டி எப்ப வரும்' என்ற ஒரே கேள்வியை ஒரு நாளைக்கு நானூறு பேர் கேட்பார்கள். தலைக்கு மேலே பலகையில் எழுதியிருக்கும், அதற்குக் கீழேயே நின்று கேட்பார்கள். எனக்குத் தெரிந்து மனிதர்களில் இரண்டே குடும்பம்தான்: வண்டியைப் பிடித்தவர்கள், தவறவிட்டவர்கள். இதை அத்தானிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

"நீ கெமோமில்லாம்மா. சூரியகாந்திக் குடும்பத்துலயே மூக்குக்கு மேல கோபம் வர்ற பூ. கேட்டது கிடைக்கலன்னா எரிஞ்சு விழுவ, கிடைச்சாலும் தூக்கி எறிவ."

"எங்க அக்கா என்ன பூ?"

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதான் பிடிபடல. ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் பிரிச்சு வச்சாச்சு. கட்டின பொண்டாட்டிய எந்தக் குடும்பத்துல சேக்கறதுன்னுதான் தெரியல."

அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "என்னைத் தொட்டியில வையுங்க. அப்பப்ப தண்ணி ஊத்துனா போதும்."

இந்த ஒரு கேலியை அவர்கள் வருடக்கணக்காக ஓட்டினார்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. முன்னறையில் தரையிலிருந்து கூரை வரைக்கும் அலமாரி. அதில் விரல் உயரப் பழுப்பு நிறப் புட்டிகள் அறுநூறோ எழுநூறோ. ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்த சீட்டு அக்காவின் கையெழுத்து. முத்து முத்தாக இருக்கும். அத்தானின் எழுத்து கோழி கிளறியது மாதிரி. அதனால் அவர் நோட்டில் எழுதியதை எல்லாம் அக்காதான் மாலையில் உட்கார்ந்து வேறு நோட்டில் நகல் எடுப்பாள். பத்தாவதுகூட முடிக்காதவள், இருபத்தாறு வருடம் நகல் எடுத்து எடுத்து, எந்தப் பூவுக்கு என்ன குணம் என்று அவரைவிட வேகமாகச் சொல்வாள்.

அத்தானைப் பைத்தியக்காரர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கேட்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நோயாளி பேசும்போது குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டார். சொன்னதைச் சொன்னபடியே எழுதுவார். 'குத்துது' என்றால் குத்துது, 'என்னவோ பண்ணுது' என்றால் என்னவோ பண்ணுது. ஆள் சொல்லி முடித்ததும் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல், "வேற ஏதாவது?" என்பார். இல்லை என்பார்கள். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடியும், "வேற ஏதாவது?" அப்புறம் மூன்றாவது முறை. மூன்றாவதில்தான் உண்மை வரும் என்பது அவருடைய அனுபவம். ஒரு லாரி டிரைவர் இருமலுக்கு மருந்து கேட்டு வந்தார். இரண்டாவது முறை கேட்டபோது தூக்கம் சரியில்லை என்றார். மூன்றாவது முறை தலையைக் குனிந்துகொண்டு, வண்டி ஓட்டும்போது நடுநடுவே கண் இருட்டிக்கொண்டு வருகிறது, வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை என்றார். அத்தான் மருந்துப் புட்டியைத் தொடவே இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு அவரைக் கையோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அந்த டிரைவர் இன்றும் என்னை எங்கே பார்த்தாலும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து அவரைப் பற்றி விசாரிக்கிறார்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அத்தான் கேட்கத் தெரியாத மனிதர் இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

அந்த வருடம் அவர்களுடைய வைத்தியர் சங்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச அழைத்திருந்தார்கள். சூரியகாந்திக் குடும்பத்து மனிதர்கள் பற்றி ஒரு மணி நேரம். அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு மாதமாக எழுதினார், அக்கா நகல் எடுத்தாள், அவர் அடித்துத் திருத்தினார், அவள் மறுபடியும் எடுத்தாள். அதில் நடுநாயகம் அர்னிகா என்கிற மலைப்பூ. அந்த மருந்துக்குரிய ஆள் பலமாக அடிபட்டிருப்பான். ஆனால் 'எனக்கு ஒன்றுமில்லை, போங்கள்' என்று வைத்தியரையே திருப்பி அனுப்புவான். தொடப் போனால் பதறுவான். எவ்வளவு மெத்தென்ற படுக்கையும் கல்லாக இருக்கிறது என்பான். புத்தகத்தில் அப்படி இருக்கிறது. ஆனால் இந்த மூன்றையும் தன் வாயால் சொன்ன ஒரு ஆளை அத்தான் இத்தனை வருடத்தில் பார்த்ததில்லை. எடுத்துக்காட்ட ஒரு கேஸ் இல்லாமல் போய் நிற்க வேண்டியிருக்கிறதே என்று புலம்பிக்கொண்டே இருந்தார்.

புதன்கிழமை காலையில் அக்கா ஸ்டூல் மேல் ஏறி அலமாரியின் மேல்தட்டில் புதுச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். ஸ்டூல் சாய்ந்தது. இடது விலா மேஜை முனையில் பட, கீழே விழுந்தாள்.

நான் வேலை முடிந்து சாயங்காலம் நேரே அங்கே போனேன். அக்கா உள்ளறையில் படுத்திருந்தாள். பக்கத்தில் அத்தான் நாற்காலி போட்டு, மடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். முகம் சின்னதாகிப்போயிருந்தது.

"எங்க அடி?" என்று நான் அவள் விலாவைத் தொடப் போனேன்.

"தொடாதடி!" என்று கத்தினாள். அப்புறம் அத்தானைப் பார்த்து, "எனக்கு ஒண்ணுமில்லங்க. வெளிய ஆள் காத்திட்டிருக்கு பாருங்க. நீங்க போங்க" என்றாள்.

அத்தானின் பேனா நின்றது. "இப்ப என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல, நீங்க போங்கன்னு சொன்னேன்."

எழுதினார். கை வேகமாக ஓடியது. அக்கா அவர் எழுதுவதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புரண்டு படுக்கப் பார்த்து, முடியாமல், சொன்னாள்: "படுக்கதான் கல்லு மாதிரி இருக்கு."

அது போன மாதம் நானும் அவளும் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய புது மெத்தை. உட்கார்ந்தால் ஆளை உள்ளே இழுக்கும்.

அத்தான் எழுந்தே விட்டார். "இதான்! இதேதான்!" என்று நோட்டைப் பட்டென்று மூடிவிட்டு முன்னறைக்கு ஓடினார். புட்டியோடு வந்தவருக்குக் கண்ணெல்லாம் ஈரம். "இருபத்தாறு வருஷம் பக்கத்துலயே வச்சுக்கிட்டு எங்கெங்கயோ தேடிட்டிருந்தேன் பாரும்மா. அக்கா அர்னிகா, தங்கச்சி கெமோமில்லா. ஒரே குடும்பம்!"

நாலு உருண்டையை அக்காவின் நாக்கில் போட்டார். அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். எங்கள் வீட்டில் அவ்வளவு சந்தோஷமான சாயங்காலத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

மறுநாள் வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. மதியம் போனேன். அக்கா எழுந்து சமையலறையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஒரு காயை நறுக்க ஒரு யுகம் எடுத்துக்கொண்டாள். கத்தியை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். முன்னறையில் அத்தான் பேச்சை உரக்கப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உண்மையச் சொல்லு. அந்த மெத்த உனக்குக் கல்லு மாதிரியா இருக்கு?"

விலாவைக் கையால் அழுத்திக்கொண்டு அக்கா சிரித்தாள். "புஸ்தகத்துல அப்படித்தானே இருக்கு. எத்தன தடவ நகல் எடுத்திருக்கேன். அவர் முகத்தப் பாத்தியா நீ?"

"பொய்யா சொன்ன?"

"தொடாதன்னதும் ஒண்ணுமில்லன்னதும் நெசம்தான். தானாத்தான் வந்துச்சு. அதக் கேட்டதும் அவர் நிமிந்து பாத்தார் பாரு, இன்னும் ஒண்ணு பாக்கின்னு தெரிஞ்சுது. மெத்தைய நான்தான் சேத்தேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இத்தன வருஷம் கழிச்சு என்னை ஒரு குடும்பத்துல சேத்துட்டார்டி."

கேலி மாதிரிதான் சொன்னாள். ஆனால் கேலி இல்லை. அத்தனை வருடமும் எதிலும் சேராத ஆளாக இருந்தது அவளுக்கு எங்கேயோ உறுத்தியிருக்கிறது. எனக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு அவளாகவே சொன்னாள். "இந்த இடது தோள்பட்டதான் என்னவோ பண்ணுது. படுத்தா இழுத்துப் பிடிக்குது. அடிபட்டது விலாவுல, வலி தோள்ல. வேடிக்கையா இல்ல?"

"அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா மறுபடியும் முதல்லேருந்து ஆரம்பிப்பார். இது அர்னிகாவுல வராதே, அப்ப வேற என்னன்னு. பேச்சு முடியட்டும். திங்கக்கிழம நீயும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம். லீவு போடு."

சரி என்றேன். அத்தான் உள்ளே வந்து, "என்ன ரகசியம்?" என்றார். "எங்க குடும்ப விஷயம், நீங்க வேற குடும்பம்" என்றாள் அக்கா. மூன்று பேரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். நானூறு பேருக்கு எந்த வண்டி எந்த மேடை என்று நாள் முழுக்கக் கத்துகிறவள், அன்று வாயை மூடிக்கொண்டு, திங்கட்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலையில் ஜன்னலில் வரிசை நீளமாக நின்றிருந்தபோது தொலைபேசி வந்தது. அத்தான்தான் பேசினார். குளியலறையில் அக்கா மயங்கி விழுந்திருக்கிறாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அறுவை சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். மதியத்துக்கு முன்னாலேயே அக்கா போய்விட்டாள்.

டாக்டர் சின்னப் பெண். எங்களை ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடது விலாவுக்கு உள்ளே மண்ணீரல் கிழிந்திருக்கிறது, இரண்டு மூன்று நாள் மெல்ல மெல்ல உள்ளேயே ரத்தம் கசிந்து, இன்று காலையில் மொத்தமாக உடைத்துக்கொண்டுவிட்டது என்றாள். "சில பேருக்கு இடது தோள்பட்டையில வலி வரும். அந்த மாதிரி ஏதாவது சொன்னாங்களா?"

அத்தான் கையில் அந்த நோட்டு இருந்தது. மனைவியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர் எதற்கு அதை எடுத்து வந்தாரோ. பிரித்து, அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தைக் காட்டினார். "இல்லம்மா. சொல்லியிருந்தா எழுதியிருப்பேன். அவ சொன்னதெல்லாம் இதுல இருக்கு."

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை.

பதினொரு மாதம் அப்படியே போனது. அத்தான் மருந்து கொடுப்பதை நிறுத்திவிட்டார். ஆனால் முன்னறைக் கதவு திறந்தே இருக்கும், ஆட்கள் வருவார்கள். உட்கார்ந்து கேட்பார், எழுதுவார், மூன்று முறை கேட்பார், பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு அவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார். சளிக்கு வந்தவரைக்கூட விடவில்லை. தெருவில் சிரித்தார்கள். ஆஸ்பத்திரிக் காவலாளி, "டாக்டர், இன்னைக்கு எத்தன பேரு?" என்று கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது. அலமாரியில் புட்டிகள் மேல் தூசி படிந்தது. மேல்தட்டில் பாதிக்கு மட்டும் புதுச் சீட்டு.

ஒவ்வொரு முறை நான் போகும்போதும் ஏதாவது பேச்சுக்கு நடுவில் கேட்பார்: "அவ உன்கிட்ட எதாவது சொன்னாளாம்மா?" இல்லை அத்தான் என்பேன். சொன்னால் மெத்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் கடைசியாகக் கொடுத்த சந்தோஷம் பொய் என்று நான் எப்படிச் சொல்வேன்? இப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளே இருந்தது வேறு. தெரிந்திருந்தும் சும்மா இருந்தவள் நான். அதை அவர் முன்னால் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

ஒரு ஞாயிறு மதியம் போனபோது அவர் தரை முழுக்கப் புத்தகங்களைப் பரப்பி நடுவில் உட்கார்ந்திருந்தார். நாலு நாளாகச் சவரம் செய்யவில்லை.

"கண்டுபிடிச்சிட்டேம்மா. அர்னிகா இல்ல. பெல்லிஸ். அதே சூரியகாந்திக் குடும்பம்தான். வயித்துக்குள்ள ஆழமா அடிபட்டா அதத்தான் குடுக்கணும்னு போட்டிருக்கு. குடும்பம் சரி, பூ தப்பு. பக்கத்துப் பூவ எடுத்துட்டேன். அதான் போயிட்டா."

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. "பூவாவது புண்ணாக்காவது! உள்ள ரத்தம் கொட்டியிருக்கு அத்தான். எந்தப் பூ அத நிறுத்தும்? அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருக்கணும். நீங்களும் போகல, நானும்..."

நிறுத்திக்கொண்டேன். அத்தான் கோபித்துக்கொள்ளவில்லை. மெல்ல எழுந்து, மேஜைக்குப் பின்னால் போய், தன் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார். நோயாளிகள் உட்காரும் நாற்காலி. நான் உட்கார்ந்தேன். அந்த நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"நானும்னு சொன்னியே. என்னம்மா?"

"ஒண்ணுமில்ல அத்தான்."

சொன்ன பிறகுதான் அது யார் வார்த்தை என்று எனக்கு உறைத்தது. அவருக்கும் உறைத்திருக்கும். பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் காத்திருந்தார்.

"வேற ஏதாவது?"

மெத்தையைச் சொன்னேன். புத்தகத்தில் இருப்பதை அவள் அவருக்காகச் சொன்னாள் என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பற்றி அவள் எப்படிப் பேசினாள் என்பதையும் சொன்னேன். அத்தான் எழுதினார். எழுதி முடித்து ஜன்னல் பக்கம் திரும்பினார். "எனக்காகவா" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வேற ஏதாவது?"

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. தோள்பட்டையைச் சொன்னேன். என்னவோ பண்ணுது என்றாள், படுத்தால் இழுத்துப் பிடிக்கிறது என்றாள். உங்கள் பேச்சு முடியட்டும் என்றாள். திங்கட்கிழமை போகலாம் என்றோம். நானும் சேர்ந்து சிரித்தேன் அத்தான் என்று சொல்லி, மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். என் தலைக்குப் பக்கத்தில் பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை அவர்.

நிமிர்ந்து பார்த்தபோது அந்தப் புதன்கிழமைப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார். 'தொடாதடி'. 'ஒண்ணுமில்ல, நீங்க போங்க'. 'படுக்கதான் கல்லு மாதிரி இருக்கு'. மூன்று வரி. அதற்குக் கீழே முக்கால் பக்கம் வெறுமையாக இருந்தது. அந்த வெறுமையில் இப்போது கடைசி வரியாக 'இடது தோள்பட்ட என்னவோ பண்ணுது' என்று அவருடைய கோழிக் கிளறல் எழுத்தில் எழுதியிருந்தது. அவள் சொன்ன வார்த்தையே, மாற்றாமல்.

நான் திட்டு வாங்கத் தயாராக உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. அந்தப் பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அந்த லாரிக்காரர்கிட்ட மூணு தடவ கேட்டேன். முகம் தெரியாத ஆளு. வந்தவங்க எல்லார்கிட்டயும் மூணு தடவ கேட்டேன்" என்றார். "அவகிட்ட ஒரு தடவகூடக் கேக்கலம்மா. நோட்ட மூடிட்டேன்."

கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.